இன்னாசியம்மாளுக்கு நான் கொடுத்த படம்

என் பெயர் பஞ்சநாதன். மரக்காணம் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஓய்வு பெறும்வரை உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தமையால் ஊரார் என்னை 'சார்' என்றே அழைக்கிறார்கள். காலையில் நீராகாரம் அருந்திவிட்டு உப்பளத்து வரப்பின்மீது சிறிது தூரம் நடப்பேன். திரும்பி வந்து கடையைத் திறந்ததும் கேமராக்களைத் துடைப்பேன். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. ஒரு நாள் துடைக்காமல் விட்டாலும் லென்ஸின்மேல் மெல்லிய வெண்படலம் படர்ந்துவிடும், திருகுகளில் துருவேறும். இவ்வூரில் ஒரு பொருளைப் பேணுவது ஓயாத வேலை. நான் அதில் சோம்பியவன் அல்லன்.

பொய் பேசும் வழக்கமும் எனக்கு இல்லை. இதை முன்னதாகவே சொல்லிவிடுவது நன்று. பின்னால் வருவதைப் படித்துவிட்டு நீங்கள் வேறு விதமாக எண்ணக்கூடும்.

2004ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் டோமினிக் என்னும் இளைஞன் என் கடைக்கு எதிர்வரிசையில் டிஜிட்டல் ஸ்டூடியோ ஒன்றைத் திறந்தான். புதுச்சேரியில் கம்ப்யூட்டர் கற்றவன். கடை வாசலில் அவன் மாட்டியிருந்த பெரிய படத்தில், கட்டுமரக்காரர் தனகோடி லுங்கியும் முண்டாசுமாகப் பனிமலை ஒன்றின் முன்னே நின்றுகொண்டிருந்தார். தனகோடி திண்டிவனத்தைத் தாண்டியவர் அல்லர். ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. சிரித்துவிட்டு அவனிடமே படம் எடுத்துக்கொள்ளப் போயிற்று.

என் கடைக்குப் பிலிம் கொண்டுவரும் விற்பனையாளரும் அந்த மாதம் வந்தபோது, "இன்னும் ரெண்டே வருஷம் சார். அப்புறம் ரோல எல்லாம் மியூசியத்துலதான் பாக்கணும்" என்றார். நான் அவருக்கு நிதானமாக விளக்கினேன். பிலிமில் ஒளி நேரே வந்து விழுகிறது; எதிரே இருந்தது எதுவோ அதுவே பதிகிறது. நெகட்டிவ் என்பது ஒரு பொருளின் கைரேகை. டிஜிட்டல் படத்தில் இருப்பதோ வெறும் எண்கள். எண்களை எவரும் மாற்றி எழுதலாம். ஆகவே நீதிமன்றமும் சாவும் உலகில் உள்ளவரை பிலிமும் இருக்கும் என்றேன். அவர் என் மேசைமேல் இருந்த மிக்சரைத் தின்று தீர்த்துவிட்டுப் போனார்.

சாவைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் நாற்காலியில் அமர்த்தி, மாலையிட்டு, சுற்றத்தார் சூழப் படம் எடுப்பது வழக்கம். பின்னர் சுவரில் மாட்டுவதற்கு முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரவேண்டும். மூடிய கண்களைச் சுவரில் மாட்ட எவருக்கும் மனம் வருவதில்லை. ஆகையால் ஸ்டூடியோக்காரர் கண்ணைத் திறந்து தருவார். முதலில் நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால், பிறகு தாளின்மேல் தூரிகையால். இறந்தவரின் பழைய கலியாணப் படம் ஏதேனும் இருந்தால் அதைப் பார்த்துக் கண்ணின் அமைப்பை அறிந்துகொள்வேன். அதற்காகவே எல்லா நெகட்டிவ்களையும் உறையிலிட்டு இரும்பு அலமாரியில் வைத்திருக்கிறேன். தாலுகாவில் என்னைப் போலக் கண் திறப்பவர் இல்லை என்பார்கள். அது புகழ்ச்சி அன்று; உண்மையில் வேறு எவரும் அந்த வேலையைச் செய்யவில்லை. செத்தவருக்குக் கண் திறப்பதைப் பொய் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாள் கடல் ஏறிவந்தது. அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் நடந்ததை மட்டும் நான் சொல்கிறேன்.

அடையாளம் தெரியாத உடல்களைச் சவுக்குத் தோப்புக்கு அப்பால் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். இனியும் வைத்திருக்க முடியாது என்ற நிலையில், புதைக்குமுன் ஒவ்வொரு முகத்தையும் படம் எடுத்துவிட வேண்டும், உறவினர் பிறகு வந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று கிராம நிர்வாக அலுவலர் விரும்பினார். எனக்கு முன்பே டோமினிக் கேமராவுடன் அங்கே நின்றிருந்தான்.

நான் அலுவலரிடம் சொன்னேன்: "இவை நாளைக்குச் சட்டப்படி சாட்சியம் ஆகும். மெமரி கார்டில் உள்ளதை யாரும் மாற்றிவிடலாம். நெகட்டிவ் ஒன்றுதான் நிற்கும்."

அவர் இரண்டு நாள்களாக உறங்காதவர். "சாரே எடுக்கட்டும்பா. நீ போயி குழி தோண்டறவங்களுக்குத் தண்ணி பாக்கெட் குடு" என்றார்.

"ஐயா, நான் ஓரமா நின்னு ஒரு காப்பி எடுத்துக்கறேனே. யாருக்கு என்னா தொந்தரவு?"

"இரண்டு விதமான படங்கள் இருந்தால் பின்னால் குழப்பம் வரும்" என்றேன் நான். டோமினிக் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

படம் எடுக்கும்போது என் கை நடுங்கவில்லை. அதற்கு முன்பு ரோலை மாட்டும்போது நடுங்கிற்று. பிலிமின் முனை, அதை இழுத்துச் சுற்றவேண்டிய அச்சின் பல்லில் சரியாகப் பற்றவில்லை. அப்படி நேர்ந்தால் விசையைத் தள்ளத் தள்ள எண்காட்டி மட்டும் ஓடும்; பிலிம் இருந்த இடத்திலேயே இருக்கும். கேமராவின் இடப்பக்கத்துத் திருகு சுழல்கிறதா என்று ஒரு முறை பார்த்திருந்தால் போதும். இத்தனை ஆண்டுகளில் நான் பார்க்கத் தவறியது அன்று ஒரு நாள்தான்.

ஒரு ரோலுக்குரிய முப்பத்தாறு படங்களைத் தாண்டியும் விசை தடையின்றி நகர்ந்தபோது எனக்கு விளங்கிவிட்டது. உடல்கள் அப்போதும் வரிசையாகவே கிடந்தன. குழியின் மறுபுறத்தில் மண்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுநர் கிளப்பிக்கொண்டிருந்தார். டோமினிக் சவுக்கு நிழலில் தண்ணீர்ப் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

"முடிஞ்சுதா சார்?" என்று அலுவலர் கேட்டார்.

கேமராவை உறையிலிட்டேன். "ஆயிற்று" என்றேன்.

கழுவும்போது பார்த்ததில் கடல்நீர் உள்ளே புகுந்து ரோல் கெட்டுவிட்டிருந்தது என்று பின்னர் எல்லாரிடமும் சொன்னேன். அவ்வாண்டில் கடல் கெடுத்தவை ஏராளம். அதன் கணக்கில் இதையும் சேர்ப்பதில் எவருக்கும் சிரமம் இருக்கவில்லை. எனக்காக வருந்தினார்கள்.

பொங்கல் கழிந்து இன்னாசியம்மாள் ஊருக்குத் திரும்பினாள். மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவள். அவள் கணவன் உடல் முதல் நாளே கிடைத்து அடக்கமாகியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்து அவள் ஆஸ்பத்திரியில் இருந்தமையால் சவுக்குத் தோப்புக்கு வரவில்லை. அவளுடைய ஒரே மகள், ஒன்பது வயதுப் பவுலினைக் காணவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு நாள்தோறும் வந்து என் கடைப் படியில் உட்காருவாள்.

"சார், எம் பொண்ணு அந்தக் குழியில இருந்தாளா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. இருந்தான்னா அழுதுட்டுக் கெடக்கறேன். இல்லன்னா தேடிக்கினு போறேன்."

தெரியவில்லை என்றேன். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு அன்றைக்குப் பல வேன்கள் தெற்கே போனதாக யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். புதுச்சேரி, கடலூர் என்று ஒவ்வோர் ஆஸ்பத்திரியாக, ஒவ்வோர் அநாதை இல்லமாகப் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். அந்த இடுப்போடு.

அந்த வாரத்தில் தேநீர்க் கடையில் டோமினிக் பேசியது என் காதில் விழுந்தது. நான் தட்டிக்கு வெளியே நிற்பது அவனுக்குத் தெரியாது. "அன்னிக்கி என்ன எடுக்க உட்டிருந்தா இன்னாசியக்கா இன்னிக்கி இப்பிடி அலையுமா? சாருக்கு ரோலு ஓடல, வாய்தான் ஓடிச்சு." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தனகோடியும் சிரித்தார்.

நான் கோபம் கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் அலமாரியில் பவுலினின் நெகட்டிவ் ஒன்று இருந்தது. முந்தைய ஆண்டு அவள் கோவிலில் முதன்முறை நற்கருணை பெற்று, புதுநன்மை வாங்கியபோது நான் எடுத்தது. வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, நேரே பார்க்கும் கண்கள். கண்ணைத் திறக்கத் தெரிந்தவனுக்கு மூடவும் தெரியும். வேலை ஒன்றுதான், திசை மட்டும் வேறு.

முகத்தை மட்டும் பெரிதாக்கி, இமைகளைப் பென்சிலால் இறக்கினேன். நெற்றியில் ஈரமுடி வரைந்தேன். கன்னத்தில் மணல் ஒட்டியதுபோல் புள்ளியிட்டேன். அதை மறுபடியும் படம் பிடித்துப் புதிய நெகட்டிவ் செய்தேன். அது முடிய ஒரு வாரம் ஆயிற்று. அவ்வளவு மென்மையான வேலையை நான் அதற்கு முன்பு செய்ததில்லை. கெட்டுப்போன ரோலில் ஒரே ஒரு படம் பிழைத்துவிட்டது என்று சொல்லி இன்னாசியம்மாளை அழைத்தேன்.

அவள் படத்தை வாங்கி முந்தானையால் அதன்மேல் இருந்த மணலைத் துடைத்தாள். மணல் போகவில்லை. பிறகு அழுதாள். அழுது ஓய்ந்ததும் என் காலைத் தொட வந்தாள், நான் விலகிக்கொண்டேன்.

அதன்பின் அவள் உறங்கினாள் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். தெற்கே போகும் பேச்சை விட்டுவிட்டாள். கோவிலில் பூசை வைத்தார்கள். நினைவுக் கல்லில் பவுலின் பெயரைப் பொறித்தார்கள். இடுப்பு சற்றுத் தேறியதும் உப்பளத்தில் கூலிக்குப் போனாள். ஒரு தாயின் அலைச்சலை நிறுத்தியவன் என்னும் நிறைவு எனக்கு இருந்தது. அன்றியும், 'என்னதான் சொல்லு, சாரோட பிலிமுதானே காட்டிக் குடுத்துது' என்று ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. அவ்வாண்டு வைகாசியில் வந்த முகூர்த்தங்களுக்கெல்லாம் என்னையே அழைத்தார்கள். டோமினிக்கின் கடையில் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆடி மாதத்தில் அவன் என் கடைக்கு வந்தான். பின்னால் இன்னாசியம்மாள், உப்பு அப்பிய கால்களோடு, அளத்திலிருந்து நேரே வந்திருந்தாள். தெருவில் போவோர் நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள்.

"சார், கடலூர்ப் பக்கத்துல ஒரு இல்லத்துலேர்ந்து மெயில்ல அனுப்பியிருக்காங்க" என்று ஒரு தாளை மேசைமேல் வைத்தான் டோமினிக். "அலையில கெடச்ச பொண்ணு. ஏழு மாசமா வாயே தொறக்கலியாம், பேரு ஊரு ஒண்ணும் தெரியல. கடலோரத்துல இருக்கற எல்லா ஸ்டூடியோவுக்கும் அனுப்பறாங்க. நல்லாப் பாருங்க சார். இது பவுலினா இல்லியா?"

மொட்டையடித்து முளைத்த முடி. கன்னத்தில் நீளத் தழும்பு. உடல் பாதியாக இளைத்திருந்தது. பெற்றவளுக்கே ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. எனக்கு ஐயம் எழவில்லை. அந்த முகத்தின் ஒவ்வொரு மயிரிழையையும் ஒரு வாரம் பென்சிலால் தொடர்ந்தவன் நான். அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் உலகில் இல்லை.

"சொல்லுங்க சார்" என்றாள் இன்னாசியம்மாள். "கண்ணு அவ கண்ணு மாதிரிதான் இருக்குது. எனக்குப் படபடன்னு வருது. நீங்க சொல்லுங்க."

பூதக்கண்ணாடியை வைத்து உரிய நேரம் பார்த்தேன். "இந்தப் பெண் வேறு" என்றேன்.

"எப்படி சார் சொல்றீங்க?" என்றான் டோமினிக்.

"நான் சொல்லவேண்டியதில்லை, தம்பி. உன் கடை வாசலைப் பார். தனகோடி எங்கே நிற்கிறார்?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். "அவுரு சுவிசர்லாந்துல மீனு புடிக்கறாரு!"

"டிஜிட்டலில் ஒருவர் கண்ணை எடுத்து வேறொருவர் முகத்தில் வைக்கலாம்" என்றேன். "அனுப்பியவர்கள் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. முடியும் என்று மட்டும் சொல்கிறேன். பிலிமில் எதிரே இருந்ததுதான் விழும்."

டோமினிக்கின் முகம் சிவந்தது. "அப்ப உங்க நெகட்டிவ காட்டுங்க சார். அந்தப் படத்தோட நெகட்டிவ். நெகட்டிவ்தான் சாட்சின்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

அலமாரியைத் திறக்கும்போது சாவி பூட்டில் நுழைய மறுத்தது, உப்புக் காற்று. எடுத்துக் கொடுத்தேன். அவன் அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தான். அதன் விளிம்பில் அவன் பார்வை நின்றது. வெட்டிய ஓரத்தை நகத்தால் தடவினான்.

"ஏன் சார் ஒத்தத் துண்டா இருக்குது? பக்கத்துப் படம் எங்க?"

"உப்பு தின்றுவிட்டது. பிழைத்த பகுதியை வெட்டி எடுத்தேன்."

அவன் மேலும் சாய்த்துப் பார்த்தான். பென்சில் ஓடிய இடம் சாய்ந்த வெளிச்சத்தில் மினுமினுக்கும். ஆனால் நான் காட்டியது மறுபடியும் எடுத்த நெகட்டிவ். அதில் மினுமினுப்பு வராது.

அவனைத் தடுத்தவள் இன்னாசியம்மாள். "குடுத்துட்ரா டோமினிக். சாரு என்னாத்துக்குப் பொய் சொல்லப்போறாரு? அவுருக்கு என்னா வந்துது?" பிறகு என்னிடம் திரும்பினாள். "சார், ஒரு ஒதவி. நீங்களே ஒரு நட போயி அந்தப் பொண்ண நேர்ல பாத்துட்டு வந்துடுங்க. எனக்குப் போவத் தெம்பு இல்ல. ஒரு தரம் குழியில போட்டுட்டேன். போயி பாத்து அது வேற பொண்ணா இருந்துட்டா நான் தாங்க மாட்டேன்."

நான் போனேன். கேமராவை வழக்கம்போல் தோளில் மாட்டியிருந்தேன்.

இல்லத்துச் சிஸ்டர் அந்தச் சிறுமியை வேப்பமரத்தடிக்கு அழைத்துவந்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தாள். பிறகு தானாகவே நடந்துபோய்ச் சிமெண்டு மேடையில் அமர்ந்து, இடத்தோளைச் சற்றே என் பக்கம் திருப்பி, இரு கைகளையும் மோவாய்க்குக் கீழே குவித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். புதுநன்மையன்று நான் உட்காரச் சொல்லிக் கொடுத்த விதம் அது.

"இது யாருகிட்டயும் இப்பிடி வந்து உக்காந்ததே இல்ல சார்" என்றார் சிஸ்டர் வியப்புடன். "உங்கள அதுக்குத் தெரியுமா?"

"கேமராவைக் கண்டால் எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான்" என்றேன்.

அவளை வீணே உட்கார வைத்துவிட்டு வருவது கடுமை என்று தோன்றியதால் ஒரு படம் எடுத்தேன். இம்முறை திருகு சுழல்வதைப் பார்த்துக்கொண்டேன். பிறகு சிஸ்டரிடம் இவள் எங்கள் ஊர்ப் பெண் அல்லள் என்று தெரிவித்துவிட்டு, ஊர் திரும்பி இன்னாசியம்மாளிடமும் அவ்வாறே தெரிவித்தேன். அவள் தலையசைத்துவிட்டு உப்புச் சுமக்கப் போனாள்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். சவுக்குத் தோப்பில் பவுலின் இருந்திருக்கக்கூடும் என்று நம்பித்தான் அந்தப் படத்தைச் செய்தேன் என நீங்கள் நினைத்திருக்கலாம். அவ்வாறு நினைப்பது உங்கள் பெருந்தன்மை. அந்த வரிசையில் ஒவ்வொரு முகத்தையும் கேமராக் கண்ணாடி வழியாகப் பார்த்தவன் நான். அவள் அங்கே இல்லை. படத்தைத் தொடங்கும்போதே அது எனக்குத் தெரியும்.

எனினும் என் நிலையில் இருந்து பாருங்கள். இவ்வூரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் தொங்குபவை நான் எடுத்த படங்கள். தாத்தாக்கள், மணமக்கள், நான் கண் திறந்துவிட்ட இறந்தவர்கள். ஒன்று பொய்யென்று ஆனால் மற்றவற்றை யார் நம்புவார்கள்? பிலிம் பொய் சொல்லாது என்னும் ஒரே காரணத்தால்தான் இன்னமும் சிலர் அதைத் தேடி வருகிறார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டால் ரோலும் இல்லை, இருட்டறையும் இல்லை. பனிமலையில் லுங்கி கட்டிய தனகோடிதான் எஞ்சுவார். ஒரு குழந்தை எங்கோ நலமாக வளர்கிறாள். ஒரு தாய் அழுது முடித்துவிட்டாள். இதைக் கலைப்பதால் எவருக்கு என்ன பயன்?

இப்போது 2006, தை மாதம். சிறுமியைத் தத்தெடுக்க வெளிமாநிலத்திலிருந்து ஒரு தம்பதியர் வருகிறார்கள் என்று சிஸ்டர் தொலைபேசியில் சொன்னார். வரும் திங்கட்கிழமை அழைத்துப் போகிறார்கள். நல்ல குடும்பம். அதற்கு முன் அந்தத் தாய் ஒரே ஒரு முறை வந்து பார்த்துவிட்டால் தம் மனம் ஆறும் என்றார். தாயை ஒரு முறை அழைத்து வரும்படி டோமினிக்குக்கும் எழுதியிருக்கிறார்; திங்கட்கிழமையைப் பற்றி அவனுக்கு எழுதவில்லை. முடி வளர்ந்த புதிய படம் ஒன்றும் அவனுக்கு வந்திருக்கிறது. சனிக்கிழமை வேன் வைத்து அழைத்துப் போவதாக இன்னாசியம்மாளிடம் சொல்லியிருக்கிறான். அவள் நேற்று மாலை என்னிடம் வந்து கேட்டாள்.

"போவட்டுமா சார்? நீங்க பாத்துட்டு வந்து சொல்லிட்டீங்க, சரிதான். ஆனா அவன் உட மாட்டேன்றான். போட்டோவப் பாத்ததுலேர்ந்து எனக்கும் சோறு எறங்கல."

முதலில் மாதாவிடம் போய்விட்டு வா, மனம் தெளியும், பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றேன். திங்கட்கிழமையைப் பற்றி நான் சொல்லவில்லை. வேளாங்கண்ணிக்குப் போகவேண்டும் என்பது அவளுக்கு நெடுநாள் நேர்த்திக்கடன். முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை புறப்பட்டுச் செவ்வாயன்று திரும்புகிறோம். என் மனைவி விருத்தாம்பாளும் உடன் வருகிறாள். செலவு என்னுடையது.

பேருந்து கடலூர் நிலையத்தில் சிறிது நேரம் நிற்கும். இன்னாசியம்மாளுக்கு இடுப்பு இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. ஏறி இறங்குவது சிரமம். அவளுக்கு வேண்டிய தேநீரை நானே சன்னல் வழியாக வாங்கிக் கொடுப்பேன். அங்கே அவளை இறக்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.